பிக்கப் டிரக்குக்கு 87 போதுமா, 93 வேண்டுமா? எந்த பெட்ரோல் பங்கில் போடலாம்?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி இது. அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய வண்டிக்கு இருப்பதிலேயே மலிவான பெட்ரோலை ஊற்ற மனசு வருவதில்லை. பங்கில் போய் நின்றால் 87 (ரெகுலர்), 89, 93 (பிரீமியம்) என்று மூன்று பொத்தான்கள். விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்று நினைத்துக்கொண்டு 93-ஐ அமுக்குகிறவர்கள் நிறையப் பேர். நான் இருக்கும் டெக்சஸில் நம்மவர்களும் இப்போது எஃப்-150, டகோமா, சில்வராடோ என்று வாங்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் இந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வருகிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான டிரக்குகளுக்கு 87 போதும். கூடுதலாகச் செலவழிக்க விருப்பம் இருந்தால் அதை அந்த எண் குறிக்கும் ஆக்டேனில் செலவழிக்காதீர்கள், இன்ஜினில் கரி படியாமல் காக்கும் நல்ல டிடர்ஜென்ட் கலந்த பெட்ரோலில் செலவழியுங்கள். பிரீமியத்தால் உண்மையிலேயே பயன் பெறும் டிரக்குகளும் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றுக்கும் வருஷம் முழுக்க அது தேவைப்படாது.

ஆக்டேன் எண் சொல்வது என்ன

ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி அல்ல. சிலிண்டருக்குள் அமுக்கமும் சூடும் ஏறும்போது தானாகத் தீப்பிடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறன். ஐசோஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அந்த அளவுகோலில் பெட்ரோலை ஒப்பிடுகிறார்கள். இதற்கு ஆர்.ஓ.என், எம்.ஓ.என் என்று இரண்டு சோதனைகள் இருக்கின்றன. அமெரிக்க பங்குகளில் மஞ்சள் ஸ்டிக்கரில் ஒட்டியிருப்பது அந்த இரண்டின் சராசரி. இந்தியாவிலும் இலங்கையிலும் சொல்வது ஆர்.ஓ.என் மட்டும். அமெரிக்காவின் 87 அந்தக் கணக்கில் ஏறத்தாழ 91 ஆகும். கொழும்பில் 92, 95 என்று பார்த்துப் பழகியவர்கள் இங்கே 87-ஐப் பார்த்ததும் மட்டமான சரக்கு என்று பயப்பட வேண்டாம். இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

தாக்குப்பிடிக்காத பெட்ரோல் என்ன செய்யும்? ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டருக்குள் சீராகப் பரவிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிக்கும். இதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் கேட்கும். அப்படியே விட்டால் பிஸ்டன் பாழாகும். இன்றைய இன்ஜின்களில் அந்த நிலை வருவதற்கு முன்பே நாக் சென்சார் அதிர்வைக் கண்டுபிடித்துவிடும், கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பற்றவைக்கும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும். இன்ஜின் தப்பிக்கும், ஆனால் இழுப்பு குறையும். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ உள்ள வண்டியென்றால் அந்த அமுக்கத்தையும் (பூஸ்ட்) குறைத்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஒன்று புரியும். 87-இலேயே நாக் ஆகாத இன்ஜினில் 93 ஊற்றினால் அது செய்வதற்கு அங்கே வேலையே இல்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ 2016-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. ரெகுலர் போதும் என்று தயாரிப்பாளரே சொன்ன வண்டிகளில் பிரீமியம் போட்டதால் சக்தியிலோ மைலேஜிலோ புகையிலோ குறிப்பிடும்படியான எந்த லாபமும் இல்லை. அப்படித் தேவையில்லாமல் பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஒரு வருஷத்தில் வீணாக்கிய பணம் 210 கோடி டாலர் என்றும் அது கணக்குச் சொன்னது.

உங்கள் டிரக் எந்த ரகம்

டகோமா, டன்ட்ரா, நிசான் ஃப்ரன்டியர், ஹோண்டா ரிட்ஜ்லைன், 5.3 லிட்டர் வி8 போட்ட சில்வராடோ இதெல்லாம் 87-க்கென்றே கட்டிய வண்டிகள். புது டகோமாவிலும் டன்ட்ராவிலும் டர்போ இருந்தாலும் டொயோட்டா கேட்பது 87 தான். இவை உங்களிடம் இருந்தால் ஆக்டேன் பேச்சு இத்தோடு முடிந்தது, பங்க் பற்றிய பகுதிக்கு நேரே போகலாம்.

மீதியில் முக்கியமாக மூன்று இன்ஜின்களை உட்கார்ந்து யோசிக்க வேண்டும்: ஃபோர்டின் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட், ஜிஎம்மின் 6.2 லிட்டர் வி8, ராமின் 5.7 லிட்டர் ஹெமி.

ஈகோபூஸ்ட்டுக்கு 87 போடலாம் என்றுதான் ஃபோர்டு மேனுவல் சொல்கிறது. கூடவே, பிரீமியம் போட்டால் செயல்திறன் கூடும், ட்ரெய்லர் இழுப்பது போன்ற கடும் வேலைக்கு அதைப் பரிந்துரைக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறது. இது விற்பனைப் பேச்சு அல்ல. கார் அண்ட் டிரைவர் பத்திரிகை 2019-இல் நான்கு வண்டிகளை 87-இலும் 93-இலும் ஓட்டிப் பார்த்தபோது இந்த இன்ஜின் போட்ட எஃப்-150-இல் வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. 93-இல் சக்கரத்துக்கு வந்த சக்தி 380 குதிரைத்திறன், 87-இல் 360. மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட 93-இல் 5.3 விநாடி, 87-இல் 5.9. சரி, அலுவலகத்துக்குப் போய் வர அந்த 20 குதிரைத்திறன் எதற்கு? அதை நீங்கள் கூப்பிடுவதே இல்லை.

ஜிஎம் 6.2-இன் கம்ப்ரெஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு, 11.5:1. அந்த அளவு அமுக்கத்துக்குப் பிரீமியத்தைப் பரிந்துரைக்கிறார்கள், கட்டாயம் என்று சொல்லவில்லை. ஹெமிக்கு நடுவில் இருக்கும் 89. அதற்கும் 87 போட்டால் ஓடும், 89 நல்லது என்கிறார்கள்.

பரிந்துரை, கட்டாயம் என்ற இந்த இரண்டு சொற்களையும் மேனுவலில் கவனமாகப் படியுங்கள். கட்டாயம் என்று இருந்தால் பேரம் பேசாமல் அதைப் போட்டுவிடுங்கள், வாரன்ட்டி விஷயம் அது. பரிந்துரை என்றால் முடிவு உங்கள் கையில்.

பணம் திரும்பி வருமா

பிரீமியம் போட்டால் மைலேஜ் கூடும், அதில் காசு திரும்பி வந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரெகுலர் கேலன் 3 டாலர், பிரீமியம் 80 சென்ட் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். விலை ஏறத்தாழ 27 சதவீதம் அதிகம். அந்தக் காசு திரும்பி வர மைலேஜும் 27 சதவீதம் கூட வேண்டும்.

கூடுவது எவ்வளவு? பிரீமியத்தைப் பரிந்துரைக்கும் வண்டிகளை மட்டும் எடுத்து ஏ.ஏ.ஏ 2017-இல் செய்த சோதனையில் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம் கூடியது, சக்தி 1.4 சதவீதம். அதில் அதிகபட்ச மைலேஜ் லாபம் 6.2 லிட்டர் வி8 போட்ட கேடிலாக் எஸ்கலேடுக்கு, 7.1 சதவீதம். சில்வராடோ 6.2-இன் குடும்பத்தைச் சேர்ந்த இன்ஜின்தான் அது. அங்கேயே 7-தான் என்றால் 27 எங்கே வரப் போகிறது? வருஷத்துக்கு 12,000 மைல், கேலனுக்கு 20 மைல் என்றால் 600 கேலன். எல்லாவற்றையும் பிரீமியமாகப் போட்டால் 480 டாலர் கூடுதல். மைலேஜில் நல்ல லாபம் கிடைத்தாலும் நூறு, நூற்றைம்பதுக்கு மேல் திரும்பாது. ஆகவே மைலேஜுக்காகப் பிரீமியம் என்பது நிற்காத வாதம்.

ட்ரெய்லரைக் கோத்த பிறகு

ஆனால் பின்னால் 7,000 பவுண்டு ட்ரெய்லரைக் கோத்து, ஆகஸ்ட் வெயிலில் நெடுஞ்சாலை ஏற்றத்தில் போகும்போது நிலைமையே வேறு. உள்ளே போகும் காற்று ஏற்கெனவே சூடு. இன்ஜின் நிமிஷக்கணக்கில் முழு பூஸ்ட்டில் நிற்கிறது. 87-இல் இருந்தால் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். டைமிங் பின்னுக்குப் போனால் தீ தாமதமாக எரிந்து சூடு எக்ஸாஸ்டில் இறங்கும். டர்போவைக் காப்பாற்ற அந்தச் சூட்டைத் தணிக்க வேண்டும், அதற்குக் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக் கலவையை அடர்த்தியாக்கும். இழுப்பும் குறைந்து பெட்ரோலும் அதிகம் குடிக்கும் நிலை அது. ஏற்றத்தில் கியர் அடிக்கடி கீழே இறங்குவதும், ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதிக்கத் தோன்றுவதும் அதனால்தான்.

பிரீமியம் தன் விலைக்கு உழைக்கும் இடம் இதுதான். ஈகோபூஸ்ட், 6.2 இரண்டில் எதுவாக இருந்தாலும் ட்ரெய்லர் இழுக்கும் பயணத்துக்கு முந்தைய ஃபுல் டேங்கிலிருந்து திரும்பி வரும் வரை பிரீமியம் போடுங்கள். 20 கேலனுக்கு 16 டாலர்தான் கூடுதல். வீட்டுக்கு வந்ததும் 87-க்கு மாறிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கொஞ்சம் ஓடியதும் தானாகப் பழகிக்கொள்ளும். மாற்றி மாற்றிப் போட்டால் இன்ஜின் கெடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

கோடையில் டெக்சஸிலிருந்து கேம்பர் (தங்கும் வசதியுள்ள ட்ரெய்லர்) இழுத்துக்கொண்டு கொலராடோ போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே பல பங்குகளில் பொத்தான்கள் 85, 87, 91 என்று இருக்கும். ரெகுலர் என்று எழுதியிருப்பது 85. மலையில் காற்று அடர்த்தி குறைவு, அதனால் சிலிண்டரில் அழுத்தமும் குறைவு, கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு 85 போதுமானதாக இருந்தது. டர்போ இன்ஜினோ குறைந்த காற்றை அமுக்கி ஈடுகட்டிவிடும், மலை உயரம் அதற்கு ஒரு சலுகையே இல்லை. 87-க்குக் கீழே போடாதே என்றுதான் மேனுவல்களும் சொல்கின்றன. ஆகவே பழக்க தோஷத்தில் இடது ஓரப் பொத்தானை அமுக்காமல் எண்ணைப் பார்த்து அமுக்குங்கள். அதே டேங்கோடு மலையிறங்கி சமவெளிக்கு வந்துவிட்டால் 85 இன்னும் மோசம்.

ஹெமிக்காரர்களின் 89

பெரும்பாலான பங்குகளில் 89-க்குத் தனித் தொட்டி கிடையாது. ரெகுலரையும் பிரீமியத்தையும் பம்பிலேயே கலந்துதான் 89 வருகிறது. டெக்சஸில் 87-க்கும் 93-க்கும் நடுவே 89 என்பது மூன்றில் ஒரு பங்கு தூரம்தான். விலை மட்டும் பல இடங்களில் பாதி தூரத்தையோ அதையும் தாண்டியோ நிற்கும். மேலே சொன்ன விலையில் 20 கேலன் 89-ஐ 3.40-க்கு வாங்கினால் 68 டாலர். முதலில் 7 கேலன் 93, அப்புறம் 13 கேலன் 87 என்று நீங்களே போட்டால் ஆக்டேன் 89-க்கு ஒரு மயிரிழை மேலே, விலை 65 டாலர் 60 சென்ட். இரண்டு தடவை கார்டு தேய்த்து மிச்சமாவது இரண்டரை டாலர் கூட இல்லை. அதற்காக மெனக்கெடச் சொல்ல மாட்டேன். ஆனால் உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் காஸ்ட்கோ கடைகளின் பங்குகளில் பெரும்பாலும் ரெகுலரும் பிரீமியமும் மட்டுமே இருக்கும், 89 இருக்காது. அங்கே போடுகிற ஹெமிக்காரர்களுக்கு இந்தக் கலவைக் கணக்கு கைகொடுக்கும். கலிபோர்னியா போல பிரீமியம் 91 ஆக இருக்கும் மாநிலங்களில் பாதிக்குப் பாதி போட்டால் 89.

டப்பாவில் விற்கும் ஆக்டேன் பூஸ்டரை இங்கேயே தள்ளிவிடலாம். 30 பாயின்ட் ஏறும் என்று போட்டிருப்பார்கள். அவர்கள் கணக்கில் ஒரு பாயின்ட் என்பது ஆக்டேனில் பத்தில் ஒரு பங்கு, ஆக 30 பாயின்ட் என்றால் வெறும் 3.

எந்த பங்க்

இதுதான் எனக்கு முக்கியமான பகுதி. இதில்தான் குறைந்த செலவில் பெரிய வித்தியாசம் கிடைக்கிறது.

ஷெல், செவ்ரான், எக்ஸான் என்று பெயர் வேறு வேறாக இருந்தாலும் அடிப்படைப் பெட்ரோல் பெரும்பாலும் பொது. ஹூஸ்டனிலிருந்து நியூ ஜெர்சி வரை ஓடும் கொலோனியல் பைப்லைன் போன்றவற்றில் பல கம்பெனிகளின் பெட்ரோல் ஒரே தர நிர்ணயத்துக்கு உட்பட்டு ஒன்றாகவே பயணிக்கிறது. டெர்மினல் என்ற சேமிப்புக் கிடங்கில் டேங்கர் லாரியில் ஏற்றும்போதுதான் அந்தந்த பிராண்டுக்கான சேர்மானம் உள்ளே செலுத்தப்படுகிறது. ஒரே டெர்மினலில் வரிசையாக நிற்கும் இரண்டு லாரிகளில் ஒன்று பெயர் பெற்ற பங்குக்கும் இன்னொன்று தெருமுனைக் கடைக்கும் போகலாம். வித்தியாசம் அந்தச் சேர்மானத்தில், குறிப்பாக டிடர்ஜென்ட்டில்.

எல்லாப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச டிடர்ஜென்ட் இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 1995-இலிருந்தே கட்டாயமாக்கியது. அந்தக் குறைந்தபட்சம் போதவில்லை என்று பிஎம்டபிள்யூ, ஜிஎம், ஹோண்டா, டொயோட்டா நான்கும் சேர்ந்து 2004-இல் டாப் டியர் என்ற தரத்தைக் கொண்டுவந்தன. அந்த முத்திரை வாங்கும் பிராண்டு, ரெகுலர் முதல் பிரீமியம் வரை எல்லாவற்றிலும் அந்த அளவு டிடர்ஜென்ட் கலக்க வேண்டும். நல்ல டிடர்ஜென்ட் வேண்டுமானால் பிரீமியம்தான் வாங்க வேண்டும் என்ற நினைப்பு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

பலன்? ஏ.ஏ.ஏ 2016-இல் 4,000 மைல் ஓட்டத்துக்குச் சமமாக இன்ஜினை ஓட்டிப் பார்த்தபோது, டாப் டியர் அல்லாத பெட்ரோல், சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வில் சராசரியாக 19 மடங்கு அதிகக் கரியைப் படிய விட்டிருந்தது. விலை வித்தியாசம் சராசரியாகக் கேலனுக்கு 3 சென்ட்தான். அதே 600 கேலனுக்கு வருஷத்துக்கு 18 டாலர். பிரீமியத்துக்கு 480, டாப் டியருக்கு 18. என் கையில் கூடுதலாகக் காசு இருந்தால் அது எங்கே போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஷெல், செவ்ரான், டெக்ஸகோ, எக்ஸான், மொபில், வலேரோ, காஸ்ட்கோ, குவிக்டிரிப் இவையெல்லாம் டாப் டியர் பட்டியலில் பார்த்த பெயர்கள். பட்டியல் மாறும், போடும் முன் டாப் டியரின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குள் எது உயர்ந்தது என்று சண்டை போடுவதில் பயனில்லை. வீட்டுக்குப் பக்கத்தில், கூட்டம் வந்து போகும், விலை நியாயமான ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். காஸ்ட்கோ உறுப்பினர் என்றால் அதுதான் என் முதல் தேர்வு, வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தால். ஏதோ ஒரு ஊரில் வேறு வழியில்லாமல் பெயர் தெரியாத பங்கில் ஒரு டேங்க் போட்டதால் குடி முழுகிவிடாது. கரி படிவது மாதக்கணக்கில் நடக்கும் காரியம்.

இங்கே ஒரு நுணுக்கம், உங்கள் இன்ஜினைப் பொறுத்தது. ஹெமியில் பெட்ரோல் இன்டேக் வால்வுக்கு முன்னால் தெளிக்கப்படுகிறது, அதனால் டிடர்ஜென்ட் ஒவ்வொரு முறையும் வால்வைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். ஜிஎம்மின் 5.3, 6.2 இரண்டிலும் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. வால்வின் மேல் பெட்ரோலே படாது. அங்கே நல்ல டிடர்ஜென்ட் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும், வால்வில் படியும் கரியை ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கரி எண்ணெய்ப் புகையிலிருந்து வருவது. அவர்கள் கவனிக்க வேண்டியது நல்ல ஆயில், நேரத்துக்கு ஆயில் மாற்றம். ஃபோர்டு 3.5 ஈகோபூஸ்ட்டில் 2017-இலிருந்து இரண்டு வகை இன்ஜெக்டரும் இருக்கின்றன, புது டகோமாவிலும் அப்படியே. அவற்றுக்கு இரண்டு விதத்திலும் பலன் உண்டு.

88-உம் மஞ்சள் மூடியும்

சில பங்குகளில் 88 என்று ஒரு பொத்தான் இருக்கும், 87-ஐ விட மலிவாகவும் இருக்கும். ஆக்டேன் ஒன்று கூட, விலை குறைவு என்றால் லாபம்தானே என்று தோன்றும். அதில் எத்தனால் 15 சதவீதம், வழக்கமான பெட்ரோலில் இருப்பது 10 வரை. 2001 மாடலிலிருந்து வந்த கார், டிரக்குகளுக்கு அரசு அனுமதி உண்டு, மேனுவலும் ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். எத்தனாலில் எரிசக்தி குறைவு, மைலேஜ் ஒன்றரை, இரண்டு சதவீதம் இறங்கும். 3 டாலர் விலையில் ஐந்தாறு சென்டுக்கு மேல் மலிவாகக் கிடைத்தால்தான் லாபம். ஆனால் டிரக் வைத்திருப்பவர்கள் பின்னால் கேனும் படகும் வைத்திருப்பார்கள். படகு, மோட்டார் சைக்கிள், புல்வெட்டும் மெஷின் எதற்கும் அந்த 88 ஆகாது. டிரக்குக்குப் போட்டுவிட்டு அதே குழாயைக் கேனுக்குள் விடாதீர்கள்.

எத்தனால் மிக அதிகமாகக் கலந்த ஈ85, அதற்கென்றே கட்டிய ஃபிளெக்ஸ் ஃபியூயல் வண்டிகளுக்கு மட்டும், அவற்றில் பெரும்பாலும் மூடி மஞ்சளாக இருக்கும். மைலேஜ் 15 முதல் 27 சதவீதம் வரை குறையும் என்று அரசே சொல்கிறது. விலையில் கால்வாசி குறைந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

கடைசியாக, 87 போதும் என்று மேனுவல் சொல்லும் டிரக்கில், ட்ரெய்லரும் இல்லாமல், ஏற்றத்தில் அந்த நாக்கிங் சத்தம் தொடர்ந்து கேட்டால் 93-க்குத் தாவி அதை அடக்கிவிடாதீர்கள். சத்தம் நின்றுவிடும், காரணம் அப்படியே இருக்கும். சிலிண்டருக்குள் கரி சேர்ந்திருக்கலாம், கூலன்ட் குறைந்து இன்ஜின் சூடாகிக்கொண்டிருக்கலாம், சென்சார் போயிருக்கலாம். ஒரு டேங்க் வேறு பங்கில் போட்டுப் பாருங்கள். அப்போதும் கேட்டால் வண்டியை மெக்கானிக்கிடம் விடுங்கள்.